அடங்கலும் அலமாரிச் சாவியும்

கங்காதர நெல்லூர்ப் பக்கத்தாருக்கு 'அடங்கல்' என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்ற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எந்தச் சர்வே நம்பர், எவ்வளவு நிலம், யார் பெயர், யார் அனுபவம், என்ன பயிர், எந்தத் தண்ணீர் என்று எழுதி வைத்திருக்கும் கிராமக் கணக்கு அது. ஊருக்குப் பொதுவான புஸ்தகம்; ஆனால் ஊரார் அதைக் கண்ணால் கண்டது அபூர்வம்.

என் பாட்டனார் காலத்தில் அது கர்ணத்தின் வீட்டில், துணி மூட்டையில் இருந்தது. கர்ணம் வேலை பெரும்பாலும் தகப்பனுக்குப்பின் பிள்ளைக்கு வந்ததால், கணக்கும் குடும்பச் சொத்தைப்போல் ஆகிவிட்டது. ஒரு வரி பார்க்கத் திண்ணையில் காத்திருக்க வேண்டும்; வெறுங்கையோடு போகவும் கூடாது. தமிழ்நாட்டில் 1980-லும், ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் ஆட்சியில் 1984-லும் அப்பதவிகள் ஒழிந்தன. 2015-ல் 'மீ பூமி' (உங்கள் நிலம்) என்ற பெயரில் அடங்கல் இணையத்துக்கே வந்தது. மூட்டை அவிழ்ந்தது, முடிச்சு மட்டும் ஆபீசுகளில் தங்கிவிட்டது.

பாட்டனார் காலமான பின்னும் கணக்கில் அவர் பெயரே நின்றதால், பெரியப்பாவுக்கு வேர்க்கடலைப் பயிர்க் கடன் கிடைக்கவில்லை. ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. மனு கொடுத்திருந்த ஆபீசுக்கு (பெயர் வேண்டாம்) அவரோடு நானும் போனேன். மூன்று மேஜை, மூன்று கணிப்பொறி, இருவர் மட்டும் இருந்தார்கள்.

"எங்க மனு எந்த மட்டில இருக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க, சார்."

"அது அவர் பார்க்கிற வேலை. அவர் லீவு."

"உங்க பெட்டியிலும் தெரியுமில்லைங்களா?"

"தெரியும். நான் தொட்டால் நாளைக்கு என்னைத்தான் கேட்பார்கள்."

அவர் சோம்பேறி அல்லர். நாங்கள் இருந்த வரை குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார். பதிவொன்று தவறினால் அங்கே முதலில் எழும் கேள்வி, 'யார் கை வைத்தது?' என்பது. அப்படிப்பட்ட இடத்தில் பார்க்காமலிருப்பதே பத்திரம். "அப்போ கர்ணம் ஒருத்தர்தான். ஒரு பூசணிக்காயோட முடிஞ்சிடும்" என்றார் பெரியப்பா, வெளியே வந்ததும்.

நம் கல்விச்சாலைகள் மட்டும் என்ன வாழ்கின்றன? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று எடுக்கட்டும் என்று வாதாடியவர் அவர். மத்திய சர்க்காரின் நிதி விதிகளும், ஆண்டில் வழங்கும் ஆயிரம் நூலுக்கு ஐந்து தொலைவதை, நேர்மைக்குறைவோ அசட்டையோ இல்லாதபோது, நியாயமான இழப்பாகவே கொள்கின்றன. இருந்தும் பூட்டிய கண்ணாடி அலமாரியின் முன் நம்மில் எத்தனை பேர் நின்றிருக்கிறோம்! தொலைந்த நூலுக்குக் கணக்குக் கேட்பவர் உண்டு. படிக்கப்படாத நூலுக்குக் கேட்பார் இல்லை.

லீவில் போனவர் ஒன்பதாம் நாள் வந்தார். பத்து நிமிஷத்தில் மனு அகப்பட்டது. அந்த அறையை விட்டு அது நகரவே இல்லை. அந்த ஆடிக்குப் பெரியப்பா வட்டிக்கு வாங்கி விதைத்தார். இப்போது ஊரில் படித்த பிள்ளைகள் இருவர், ஞாயிறுதோறும் கோயில் திண்ணையில் கைபேசியோடு உட்காருகிறார்கள். சர்வே நம்பரைச் சொன்னால் போதும்; தெலுங்கு எழுத்துத் தெரியாத தமிழ்க் கிழவர்களுக்கும் அடங்கலை உரக்கப் படித்துச் சொல்கிறார்கள்.