விற்ற வீட்டின் பிள்ளை

ஃபார்முலா ஒன் பார்க்கிற என் நண்பர்கள் யாருக்கும் எஸ்தபான் ஓகோனைப் பிடிக்காது. "கூட ஓட்டுறவனுக்கே வழி விடமாட்டான்டா" என்பார்கள். பொய்யில்லை. 2017இல் ஃபோர்ஸ் இந்தியா அணியில் இருந்தபோது, பெல்ஜியத்தில் ஒரே பந்தயத்தில் சக ஓட்டுநர் செர்ஹியோ பெரஸோடு இரண்டு முறை உரசல். 2024 மொனாக்கோவில் பியர் காஸ்லியோடு முதல் சுற்றிலேயே மோதல். வருடக் கடைசியில் ஓகோன் விலகுகிறார் என்று சில நாட்களிலேயே ஆல்பைன் அணி அறிவித்தது. எனக்கு மட்டும் அந்த ஆளை விட்டுக்கொடுக்க மனசு வருவதில்லை.

காரணம் ஒரு வீடு. ஓகோன் 1996இல் பிரான்சின் நார்மண்டியில் பிறந்தவர். அப்பா கார் மெக்கானிக். மகன் கார்ட்டிங்கில் வேகமாக வளர, செலவு அதைவிட வேகமாக வளர்ந்தது. கார்ட் என்றதும் இ.சி.ஆர். பக்கம் காசு கொடுத்துப் பத்து நிமிஷம் ஓட்டுவோமே, அதை நினைக்கக் கூடாது. போட்டிக்கு ஓட்டுபவனுக்கு டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும், எஞ்சினை அடிக்கடி பிரித்து மாட்ட வேண்டும், அத்தனையையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். வீட்டை விற்றார்கள். கேரவன் ஒன்றில் குடியேறி, அதிலேயே பந்தயத்துக்குப் பந்தயம் போனார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒன்று விற்கப்பட்டது. நான் இன்ஜினியரிங் படிக்க அப்பா ஒன்றரை ஏக்கர் காட்டைக் கொடுத்தார். ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியாவது இருக்கலாம். செமஸ்டர் ரிசல்ட் வரும்போதெல்லாம் அந்தக் காட்டு வேப்பமரம்தான் கண்ணில் நிற்கும். ஆனாலும் எனக்கு அரியர் என்று ஒன்று இருந்தது, அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். பந்தயத்தில் ஒரு வருஷம் சறுக்கினால் பணம் போடுகிறவர் போய்விடுவார். விற்ற வீடு திரும்ப வராது. அப்படி வந்தவன் எப்படி ஓரமாக ஒதுங்குவான்?

2014இல் ஐரோப்பிய ஃபார்முலா த்ரீ பட்டம் ஓகோனுக்கு. மூன்றாவதாக வந்தவர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன். அடுத்த வருஷம் வெர்ஸ்டாப்பன் பதினேழு வயதில் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். பட்டம் வென்றவர் ஜிபி த்ரீயில் ஓட்டி, அதையும் வென்று, 2016 பாதியில்தான் உள்ளே வர முடிந்தது, அதுவும் கடைசி வரிசை மேனர் அணியில். வெர்ஸ்டாப்பனின் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கு உறுத்துவது 2018தான். விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா கடனில் மூழ்க, லாரன்ஸ் ஸ்ட்ரோல் என்ற கனடா கோடீஸ்வரர் தலைமையில் ஒரு குழு அதை வாங்கியது. உடனே வந்த பெல்ஜியம் பந்தயத்துக்கு, மழையில் நடந்த தகுதிச் சுற்றில் ஓகோன் மூன்றாம் இடம் பிடித்தார். 2019இல் அவருடைய இருக்கை லாரன்ஸின் மகன் லான்ஸுக்குப் போனது. லான்ஸ் மோசமான ஓட்டுநர் இல்லை, 2020இல் துருக்கியின் ஈரத் தடத்தில் போல் பொசிஷன் எடுத்தவர். இருந்தாலும், ஒரு அப்பா மகனுக்காக வீட்டை விற்றார், இன்னொரு அப்பா அணியையே வாங்கினார். அந்த வருஷம் முழுக்க ஓகோன் மெர்சிடிஸின் மாற்று ஓட்டுநராக, பந்தயத்தை வெளியே நின்று பார்த்தார்.

2020இல் ரெனோ அணி இடம் கொடுத்தது. மறு வருஷம் அதுவே ஆல்பைன் ஆனது. 2021 ஆகஸ்ட் 1, ஹங்கேரி. எட்டாவதாகக் கிளம்பியவர், முதல் வளைவில் முன்னால் போனவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டதில் தப்பி, சீக்கிரமே முதலிடத்துக்கு வந்துவிட்டார். செபாஸ்டியன் வெட்டல் ஒட்டிக்கொண்டே வந்தும் இடைவெளி கிடைக்கவில்லை. பின்னால் புயல்போல வந்த லூயிஸ் ஹாமில்டனைச் சுமார் பத்துச் சுற்று மறித்து வைத்திருந்தவர் ஓகோனின் சக ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்சோ. அது இல்லாவிட்டால் ஓகோனின் முதல் வெற்றி கைநழுவியிருக்கும்.

அடுத்த வருஷம் பிரேசில் ஸ்பிரிண்ட் பந்தயத்தில் அதே அலோன்சோவும் ஓகோனும் மோதிக்கொண்டார்கள்.