கண்ணுக்கு ஓர் அட்டை

நேற்று எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "சார், கண்ணுன்னு நாம மட்டுந்தான் சொல்றோமா?"

கைப்பேசியை எடுத்தேன். சிகாகோ பல்கலைக்கழகத்தார் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் தேடினேன். மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு என்று வரிசை இறங்கிக்கொண்டே போனது. ஜார்க்கண்ட் பக்கத்துக் குடுக் மொழி வந்தது. கடைசியில் பலுசிஸ்தானத்துப் பிராகுயி. அந்த இரண்டிலும் ககரம் தொண்டையில் உரசி 'ஃகன்' போல ஒலிக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு தரம் சொல்லிப் பார்த்தார்கள். எனக்கு ஐயாவின் நினைவு வந்துவிட்டது.

நெல்லையில் எனக்குத் தமிழ் சொல்லித்தந்தவர். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து, ஒரே அளவாக வெட்டி, எழுத்தில்லாத பக்கத்தில் சொல்லுக்கு ஓர் அட்டை என்று எழுதி வைப்பார். செருப்புக் கடை அட்டைப் பெட்டிகளில் அகர வரிசையில் அடுக்கியிருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போக வேண்டும், வெளியே தரமாட்டார்கள். சனிக்கிழமைதோறும் போவோம். ஒரு கண்ணில் புரை விழுந்த பிறகு, "தம்பி, நீ வாசி, நான் எழுதிக்கிடுதேன்" என்பார். கொஞ்ச நாளில் எழுதுவதும் என் வேலையாயிற்று.

அந்த லெக்சிகன் வேலையை 1913இல் மதுரையில் தொடங்கியவர் சாண்ட்லர் பாதிரியார். 1936இல் ஆறு தொகுதிகளையும் முடித்துக் கொடுத்தவர் வையாபுரிப் பிள்ளை. "நம்ம ஊர்க்காரர்டே" என்று ஐயா சொல்லும்போது குரல் கனக்கும். சொற்பிறப்பியல் அகராதியைத் தொகுத்த பர்ரோவும் எமனோவும் வெளிநாட்டார்தான். ஆனால் எமனோ 1930களில் நீலகிரிக்கு வந்து, தோடர்களிடம் அவர்கள் மொழியைக் காதால் கேட்டு எழுதியவர். ஐயாவுக்கு அவரைப் பிடிக்கும். கேட்டு எழுதியவர் என்பதால்.

ஐயா காலமான பிறகுதான் இணையம் எங்கள் ஊருக்கு வந்தது. பிரவுசிங் சென்டரில் மதுரைத் திட்டத்தின் பக்கத்தை முதன்முதலாகத் திறந்த அன்று, திரை முழுக்கக் கோடும் புள்ளியுமாக ஏதோ தெரிந்தது. எழுத்துரு இல்லை. கடைப் பையன் அதைத் தேடி இறக்கித் தந்ததும் திருக்குறள் தெளிந்து வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய திட்டம் அது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்தவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சம்பளம் வாங்காமல் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தார்கள். நூலின் தொடக்கத்தில் அவர்கள் பெயர் இருக்கும். நான் அதைப் படிக்காமல் நூலுக்குள் போவதில்லை. தனக்காக ஒருவன் வாசிக்க வேண்டியிருந்த ஐயாவின் முகம் அங்கே தெரியும்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, 'கண்' அட்டையைத் தேடி எடுத்தேன். முன்பக்கம் யார் வீட்டுக் கல்யாணமோ, மஞ்சள் தடவிய மூலை இன்னும் நிறம் போகவில்லை. பின்பக்கம் நெருக்கி எழுதியிருந்தார். நுங்கில் மூன்று கண். சொன்னவர் பனையேறி, உடன்குடி. பாலத்துக்குக் கண், பதின்மூன்று கண் பாலம், செங்கோட்டை ரயில் பாதை. வலைக்குக் கண், சொன்னவர் மணப்பாட்டு மீனவர், வலை பின்னிக்கொண்டே சொன்னார். ஒவ்வொன்றின் கீழும் தேதி.

பாலத்துக் கண்ணும் வலைக் கண்ணும் அச்சான அகராதிகளில் உண்டு. அவற்றை யார், எந்த ஊரில், என்ன வேலைக்கு நடுவே சொன்னார் என்பது என் கையிலிருக்கும் இந்த அட்டையில் மட்டுந்தான் இருக்கிறது. சிகாகோவில் தேடினால் கிடைக்காது. அங்கிருப்பவர்கள் வந்து கேட்டு எழுதுவார்கள் என்று காத்திருப்பதும் நியாயமில்லை. பனையேறியின் பேத்தி நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

தமிழாசிரியர்களே, இணைய அகராதியான தமிழ் விக்சனரியில் யார் வேண்டுமானாலும் சொல் சேர்க்கலாம். கணக்குத் தொடங்கக் காசு கிடையாது. வாரம் ஒரு சொல் போதும். பிள்ளைகளை வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள், பொருளோடும் ஊர்ப் பெயரோடும் ஏற்றுங்கள். நான் 'நுங்குக் கண்'ணில் தொடங்குகிறேன்.