காலி டிரம் காலிதானா?

பொன்னேரி பக்கம் எந்தக் களத்துமேட்டுக்குப் போனாலும் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம் நிற்கும். 200 லிட்டர் பிடிக்கும். ஜீவாமிர்தம் கரைக்க, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, விதைநெல் போட்டு வைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஆரணியாற்றங்கரையில் நெல் வைக்கும் ஒரு விவசாயியும் அப்படித்தான் பழைய இரும்புக் கடையில் இரண்டு டிரம் வாங்கி வந்தார். கழுவும்போது ஒன்றின் பக்கவாட்டில் கிழிந்து ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டு அவர் மனைவி கண்ணில் பட்டது. சிவப்பு எழுத்து, பாதி அழிந்திருந்தது. "இதுல மாட்டுக்குத் தண்ணி காட்ட வேணாங்க" என்று டிரம்மைக் கவிழ்த்துவிட்டார். "நாலு தரம் சோப்பு போட்டுக் கழுவியாச்சு, வாடையே இல்லையே" என்பது இவர் கட்சி. இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் அந்த அம்மா சொன்னதுதான் நின்றது.

அவர் சொன்னது சரிதான். அபாயக் கழிவை அடைத்து வைக்கும் கலத்தில் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது விதி. அப்படியானால் அந்த டிரம்மில் கடைசியாக இருந்தது மூலப்பொருள்கூட அல்ல, கழிவு.

எது அபாயக் கழிவு என்பதை 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் வாடையை வைத்து முடிவு செய்வதில்லை. முதலில், எந்தத் தொழிலில் பிறந்தது என்று பார்க்கின்றன. பட்டியலில் 38 தொழில்கள். மருந்து உற்பத்தி 28ஆவது. தரம் தேறாத மருந்து, காலாவதி மருந்து, பயன்படுத்திய கரைப்பான், பயன்படுத்திய கரி என்று அதற்குள் தனித்தனி எண்கள். பூச்சிமருந்து உற்பத்தி 29ஆவது. 33ஆவதில்தான் நம் டிரம் வருகிறது: அபாய ரசாயனமோ கழிவோ ஒட்டியிருக்கும் காலி பீப்பாய், கேன், உள்ளுறை. நாம் 'காலி' என்கிறோம். சட்டக் கணக்கில் அது இன்னும் காலியாகவில்லை.

தொழிலை வைத்துத் தீராவிட்டால், உள்ளே என்ன, எவ்வளவு என்று ஆய்வுக்கூடம் பார்க்கும். கழிவின் எடையைப்போல 20 மடங்கு புளிப்பு நீரில் 18 மணி நேரம் போட்டுச் சுழற்றுவார்கள். நீரில் ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராமோ பாதரசம் 0.2 மில்லிகிராமோ இறங்கினால் அது அபாயக் கழிவு. குப்பைமேட்டில் மழை பெய்தால் பக்கத்துக் கிணற்றுக்கு என்ன வரும் என்பதை முன்கூட்டியே பார்க்கும் சோதனை இது. குணத்தையும் பார்ப்பார்கள்: எளிதில் தீப்பிடிக்குமா, அரிக்குமா, வெடிக்குமா, விஷமா என்று. மண் பரிசோதனை அட்டையில் பார்க்கும் அதே பி.எச். அளவு 2 அல்லது அதற்குக் கீழே, 12.5 அல்லது அதற்கு மேலே போனால் அரிக்கும் கழிவு.

இப்படித் தரம் பிரித்த கழிவை ஆலை பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுப்பும்போது ஏழு நிறங்களில் ஏழு படிச் சீட்டு உடன் போக வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே அபாயக் கழிவுக்கான பொதுக் கிடங்கு இருக்கிறது. டிரம் என்றால், கழுவிச் சுத்தப்படுத்த வாரியத்தின் அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். இரும்புக் கடைக்கு வந்த டிரம் இந்த வழியெல்லாம் தப்பி வந்தது. பிளாஸ்டிக் சுவர் கரைப்பானை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். சோப்புக்கு அது தெரியாது. கிருமியைக் கொல்லச் செய்த மருந்தின் மிச்சம் ஜீவாமிர்தத்து நுண்ணுயிரை மட்டும் விட்டுவைக்குமா?

மருந்து விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. காலாவதியான ஒரே மாத்திரை, ஆலையில் இருந்தால் 28ஆம் எண் அபாயக் கழிவு. ஆஸ்பத்திரியில் இருந்தால் மஞ்சள் பைக்குப் போகும் மருத்துவக் கழிவு. நம் வீட்டு அலமாரியில் இருந்தால் வீட்டு அபாயக் கழிவு. பெயர் மாறினாலும் எரு குழியில் போட மூன்றுக்கும் அனுமதி இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி கிராமங்களில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு லாரி லாரியாகத் திரும்பிப் போனது. லாரி வந்த அன்றே ஊர்க்காரர் கேட்டிருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

நம் கையிலும் ஒரு டிரம் உண்டு, சின்னது. பூச்சிமருந்து பாட்டில். மருந்து ஊற்றியதும் மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிட வேண்டும். பிறகு பாட்டிலை உடைத்து, குடியிருப்பை விட்டுத் தள்ளிப் புதைக்கச் சொல்கின்றன 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள். அதில் எண்ணெய் வாங்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பழைய டிரம்தான் வேண்டும் என்றால் பழக்கூழ், சர்க்கரைப்பாகு வந்ததைக் கேட்டு வாங்கலாம். எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் சொல்ல மறுத்தால் வேண்டாம். சீட்டோடு ஒரு டிரம் கண்ணில் பட்டால் கழுவுவதற்கு முன் சீட்டைப் படம் எடுத்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். அனுப்பியவர் பெயரும் கழிவின் விவரமும் சீட்டிலேயே இருக்கும்.