சென்னைப் பயணமும் பெட்டியில் ஓரிடமும்

டிசெம்பர் விடுமுறை அணுகியதும் யாழ்ப்பாணத்து இல்லங்களிற் சென்னைப் பயணப் பேச்சு எழுவது வழக்கம். பொங்கலுக்குப் புத்தாடை, தை மாதத் திருமணத்துக்குக் கூறைச் சேலை, பிள்ளைகளுக்குக் கடற்கரை எனக் காரணங்கள் பல. இவ்வாண்டு தமக்கையார் மகனின் திருமணத்துக்குக் கூறை எடுக்கும் பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தமையால், எமது இல்லத்திலும் அப்பேச்சு எழுந்தது.

எவ்வழியாற் செல்வது என்பதே முதல் வினா. “தம்பி, கப்பலிற் போகலாமோ?” என்று கேட்டார் எமது அன்னையார். 1962ஆம் ஆண்டிலே, பதினாறு வயதில், தம் தந்தையாருடன் அவர் சென்றது அவ்வழியாகவே. மதவாச்சியில் வண்டி மாறித் தலைமன்னார் சேர்ந்து, கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து புகைவண்டியில் எழும்பூரை அடைந்த கதையை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். 1914இல் தொடங்கிய அப்பாதையிலிருந்த தனுஷ்கோடியை 1964 டிசெம்பர் 22ஆந் திகதி இரவு வீசிய புயல் அழித்துவிட்டது.

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரிற் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடிற்று. ஆயின் மாரிக் கடல் கொந்தளிக்குங் காலத்தில் அச்சேவை நிறுத்தப்படுவதுண்டு. எமக்கோ விடுமுறை மாரியிலேதான். ஆகவே பலாலி விமான நிலையத்தையே நம்பினோம். 2019 நவம்பரில் அங்கிருந்து தொடங்கிய சென்னைச் சேவை பெருந்தொற்றால் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. ஒன்றரை மணித்தியாலத்துக்குட் சென்னையை அடைந்துவிடலாம். அன்னையார் மறுப்பொன்றுங் கூறவில்லை. முகம் மட்டும் சிறிது வாடிற்று.

நாள் குறிப்பதிலும் அவதானம் வேண்டும். சென்னைக்கும் எமக்கும் மழைக்காலம் ஒன்றே. 2015 டிசெம்பர்த் தொடக்கத்தில் அந்நகர் வெள்ளத்தில் அமிழ்ந்ததை நாம் மறக்கலாகாது. மாதத்தின் பிற்பகுதியில் மழை தணிவதே பெரும்பான்மை. இசை விழாக்களும் அப்போது நடைபெறும். இந்திய விசாவுக்கு வேளையோடு விண்ணப்பித்தலும் அவசியம்.

கூறை எடுப்பதற்குத் தியாகராய நகர். பனகல் பூங்காவைச் சுற்றிய பெருங் கடைகளிலே காஞ்சிபுரப் பட்டு மலைபோற் குவிந்திருக்கும். அண்மையிலுள்ள ரங்கநாதன் தெருவிலே பாத்திரம் முதற் பாதணி வரை கிடைக்கும். பிள்ளைகளின் கையை விடாது பிடித்துச் செல்லவேண்டும். இந்திய ரூபா ஒன்று எமது மூன்று ரூபாவுக்கு மேற்படுவதால், விலைச் சீட்டைக் கண்டவுடன் மலிவென்று மயங்காது, பெருக்கிப் பார்த்தே வாங்குதல் நன்று.

இவையெல்லாம் இல்லாளின் பட்டியல். எமது பட்டியல் வேறு. எழும்பூர் அரும்பொருட்காட்சியகத்திலே சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் காணவேண்டும். மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் ஒதுக்கவேண்டும். அதன்பின் தங்கசாலைத் தெரு. அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் வினவினர். 1849ஆம் ஆண்டிலே ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்றது அச்சியந்திரம் வாங்குவதற்காக. பின்னர் அத்தங்கசாலைத் தெருவிலேயே அச்சுக்கூடம் நிறுவி நூல்களை வெளியிட்டார். சிறுப்பிட்டியிற் பிறந்த தாமோதரம்பிள்ளை, 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். எம்மவர் சென்னைக்குக் கொள்வதற்கு மட்டுமன்றிக் கொடுப்பதற்குஞ் சென்றனர் என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டாமா?

எமது பட்டியலின் இறுதியில் நின்றது தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒருவர் தனியே சேர்த்த நூல்களை அடித்தளமாகக் கொண்டு 1994இல் அமைந்தது அது. 1981 ஜூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது, ஏடுகள் மீளவில்லை. ஊரிலே எரிந்தவற்றின் பிரதிகள் சில அங்கேனும் இருக்குமாயின், அவற்றை ஒருமுறை கண்ணாற் காண விரும்பினோம். திரும்பும்போது நூல்கள் சிலவற்றை வாங்கிவரவும் எண்ணினோம்.

இங்கேதான் பிணக்கு எழுந்தது. விமானத்திலே பொதிக்கு நிறை வரம்பு உண்டு. கூறையும் உறவினருக்கான சேலைகளும் பாத்திரங்களும் நிறைந்த பின் நூல்களுக்கு இடமேது? “புத்தகம் இங்கேயும் விற்கிறார்கள், கூறைக்கு இடமில்லை என்று சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லமுடியுமோ?” என்றார் இல்லாள். அதிலும் நியாயம் இருந்தது. நாம் பேனாவை எடுத்து எமது பட்டியலின் கடைசி வரிகளை வெட்டத் தொடங்கினோம்.

அன்னையார் அப்போது வாய் திறந்தார். “எனக்கு வாங்க ஒன்றுமில்லைத் தம்பி. என்னுடைய பெட்டியிலே புத்தகத்தை வை. எழும்பூர் நிலையத்திலே மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் இருக்க விடு. ஐயாவோடு வந்து இறங்கின இடம்.”

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் இல்லாளே பாத்திரங்கள் இரண்டைத் தம் பட்டியலிலிருந்து நீக்கினார். காட்சியகத்துக்கும் நிலையத்துக்கும் தூரம் அதிகமில்லை. இரண்டையும் ஒரே காலையில் வைத்துக்கொண்டோம்.

இவ்விடுமுறையிற் சென்னை செல்லும் அன்பர்களே, கூறையும் எடுங்கள், கடற்கரையுங் காணுங்கள். பெட்டியைக் கட்டும்போது மட்டும், ஒரு நூலுக்கேனும் அதில் இடம் விடுங்கள்.