கேத்தரின் சொன்னதைக் கண்ணகி சொல்லவில்லை

சிதம்பரத்தில் படித்த காலத்தில், ஆங்கில இலக்கியம் படித்த அறைத்தோழன் ஒருவன் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலைக் கொடுத்தான். எமிலி பிராண்ட்டே எழுதி 1847இல் வெளிவந்தது. விதி பிரித்த காதல், அதற்கான பழிவாங்கல் என்று வகுப்பில் சொன்னார்களாம். நான் தேடிப் பார்த்தேன், விதி எங்கும் தட்டுப்படவில்லை.

லிவர்பூல் தெருவில் கிடைத்த கறுத்த சிறுவன் ஹீத்கிளிஃப். எடுத்து வளர்த்தவர் இறந்ததும், அவர் மகன் இவன் படிப்பை நிறுத்திப் பண்ணை வேலைக்கு விரட்டுகிறான். அந்த வீட்டுப் பெண் கேத்தரின் இவனை உயிராய் நேசிக்கிறாள். ஆனால் இவனை மணந்தால் தனக்கு இழிவு என்று வேலைக்காரியிடம் சொல்கிறாள். காதில் விழுந்ததும் இவன் வீட்டை விட்டுப் போய்விடுகிறான். சேரியில் பிறந்தவனுக்கு இந்த இடத்தை விளக்க ஆசிரியர் தேவையில்லை.

எனக்குக் கண்ணகி - முருகேசன் நினைவுதான் வந்தது. விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டைக்காரர்கள். இருவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். முருகேசன் தலித், வேதிப்பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர். கேத்தரின் சொன்னதைக் கண்ணகி சொல்லவில்லை. 2003 மே 5 அன்று கடலூர் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார். ஜூலை 8 அன்று, ஊர் பார்க்க, இருவரின் காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள்.

நாவலில் அவமானப்பட்டவன் பழிவாங்குகிறான். இங்கே பழிவாங்கியவர்களை யாரும் அவமானப்படுத்தவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தின் புகாரைக் காவல்துறை வாங்கவே மறுத்தது. பிறகு முருகேசனின் உறவினர்களையும் சேர்த்துக் குற்றவாளிகளாக்கியது. அப்போதும் அவர்கள் அரிவாள் எடுக்கவில்லை. வழக்கறிஞர் பொ. இரத்தினத்தோடு நீதிமன்றப் படியேறினார்கள். 2004இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் கண்ணகியின் சகோதரனுக்குத் தூக்கும், தந்தை, காவல் அதிகாரிகள் இருவர் உட்பட 12 பேருக்கு ஆயுளும் விதித்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. மேல்முறையீடு செய்தவர்களின் குற்றத்தை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மொத்தம் 22 ஆண்டுகள். ஹீத்கிளிஃப் ஊர் திரும்பிப் பழிதீர்த்துச் செத்தே போவதற்குக்கூட இவ்வளவு காலம் ஆகவில்லை.

கடைசியில் அவனைக் கேத்தரின் பக்கத்திலேயே புதைக்கிறார்கள். அந்த அளவுக்காவது எமிலி இரங்கினார்.

கடலூர் பதிவு அலுவலகக் கையெழுத்துக்கும் அந்தச் சுடுகாட்டுக்கும் நடுவே 64 நாட்கள். முருகேசனுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்று, அதில் பெரும்பகுதியை இருவரும் அவரவர் வீட்டில் தனித்தனியாகவே கழித்தார்கள்.