அம்மாவின் சோர்வு

உயிர்வேதியியல் பயிலும் ஒருவன் தன் நூலறிவைப் பற்றி எழுதுவான் என்று எண்ணி இப்பக்கத்தைத் திருப்பியிருப்பீர்களாயின் என்னை மன்னித்துவிடுங்கள். நான் எழுத வந்தது என் அறியாமையைப் பற்றி.

எங்கள் குடும்பம் திருவண்ணாமலைப் பக்கத்தது. மழை பொய்த்த ஓர் ஆண்டில் ஊரை விட்டுப் புறப்பட்டு, ஆந்திர நாட்டு வரதய்யபாளையத்தில் குடியேறினோம். எனக்கு அப்போது ஏழு வயது. பக்கத்தில் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்கு அங்கே காவற்பணி கிடைத்தது. அம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை வைத்தார். அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் எங்கள் தெருவும், விடியுமுன் எரியும் அம்மாவின் அடுப்பும் மட்டும் மாறவில்லை. அந்த அடுப்புத்தான் என்னைப் பட்டதாரியாக்கியது.

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறைக்குச் சென்றிருந்தேன். மாவாட்டி முடித்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "நாலு குடம் தண்ணீர் எடுத்தால் மூச்சு வாங்குகிறதப்பா" என்றார். நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "இரும்புச்சத்துக் குறைவு; முருங்கைக்கீரை சாப்பிடு அம்மா" என்றேன். மருத்துவம் முடிந்தது! மறுவாரம் நான் எழுத வேண்டிய தேர்வு பெரிதாகத் தோன்றியதே ஒழிய, அம்மாவின் வெளுத்த முகம் என் கண்ணில் படவில்லை.

பிறகு ஒரு மருத்துவரிடம் காட்டினார்கள். ஹீமோகுளோபின் ஏழு. இரும்பு மாத்திரை கொடுத்தார், சற்று ஏறியது, மீண்டும் இறங்கியது. வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். ஆசனவாய் வழியே பெருங்குடலைப் பார்த்தார்கள். இரண்டிலும் குறையில்லை என்றதும் எல்லோரும் மகிழ்ந்தோம். இரண்டுக்கும் நடுவே ஆறு மீட்டர் நீளச் சிறுகுடல் கிடக்கிறதே என்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. மலம் கறுத்துப் போய், ஒருநாள் அடுப்படியிலேயே அம்மா மயங்கி விழுந்த பிறகுதான் திருப்பதிக்குக் கொண்டு சென்றோம். சி.டி. ஸ்கேன் உண்மையைச் சொன்னது. சிறுகுடலின் நடுப்பகுதியில் ஏழு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டி. குருதி மாதக்கணக்காய்த் துளித்துளியாக உள்ளே கசிந்துகொண்டிருந்தது.

இயற்கையின் விந்தையைப் பாருங்கள். உணவுக் குழாய்த் தொகுதியின் நீளத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிறுகுடல். ஆயினும் அத்தொகுதியில் தோன்றும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்துகூட அங்கே தோன்றுவதில்லை. உணவு அங்கே நீர்த்த நிலையில் விரைந்து செல்வதும், உட்சுவர்ச் செல்கள் சில நாட்களுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவதும் காரணங்கள் எனக் கருதுவர். அரிதாக வருவதால் ஐயம் எழுவதில்லை. ஐயம் எழாததால் காலம் கடந்துவிடுகிறது. வயிற்றுவலியும் சோர்வும் ஆயிரம் நோய்களுக்கு உண்டன்றோ?

அங்கு வரும் கொடிய கட்டிகளில் முதன்மையானவை நான்கு வகை: உட்சுவர்ச் சுரப்பிகளில் தோன்றும் புற்று, இயக்குநீர் சுரக்கும் செல்களில் தோன்றுவது, நிணநீர்ச் செல்களில் தோன்றும் லிம்போமா, குடற்சுவரின் தசைப்பகுதியில் தோன்றும் 'ஜிஸ்ட்'. ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. ஆதலால் இன்ன வகை என்று அறிவதே பாதி மருத்துவம். விழுங்கத்தக்க சிறு கேமரா 2001 முதல் பயன்பாட்டுக்கு வந்து, குழாய் எட்டாத இடத்தையும் காட்டுகிறது. குடல் அடைபட்டிருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால் மட்டும் அது சிக்கிக்கொள்ளும் என்பதால் தயங்குவர்.

அறுவை மருத்துவர் கட்டியை உடைந்துவிடாதபடி, இருபுறமும் சிறிது நல்ல குடலோடு சேர்த்து அகற்றி, இரு முனைகளையும் இணைத்துத் தைத்தார். ஆய்வறிக்கை 'ஜிஸ்ட்' என்றது. செல்கள் விரைந்து பிளவுபடுவதால் திரும்ப வரும் வாய்ப்பு மிகுதி என்றும் சொன்னது. அதில் 'கிட்' என்ற புரதத்தின் பெயரும் இருந்தது. நான் திடுக்கிட்டேன். பொங்கல் விடுமுறையில் தலை நிமிராமல் படித்தேனே, அது இந்தப் புரதத்தைப் பற்றித்தான்! அதற்கு நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன்.

கிட் என்பது செல்லின் மேற்புறத்தில் இருக்கும் ஒரு விசை. வெளியிலிருந்து கட்டளை வந்தால் திறக்கும், 'வளர்' என்று உள்ளே சொல்லும், பிறகு மூடிக்கொள்ளும். மரபணுவில் பிழை நேர்ந்தால் கட்டளையின்றியே திறந்து கிடக்கும். இந்நோய்க்குப் பெரும்பாலும் இப்பிழையே காரணம் என்பதை 1998இல் ஜப்பானிய அறிஞர்கள் காட்டினர். 2000ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், வேறு வழியில்லாத நோயாளி ஒருவருக்கு இமாட்டினிப் என்னும் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தனர்; கட்டி சுருங்கியது. விசை இயங்க வேண்டிய ஆற்றல் வந்து சேரும் இடத்தில் இம்மருந்து அமர்ந்துகொள்கிறது. மீண்டும் வரும் வாய்ப்பு மிகுந்தவர்கள் அறுவைக்குப் பின் மூன்றாண்டு உண்பது, ஓராண்டு உண்பதைவிட நன்மை தருகிறது என்பது 2012இல் வெளியான ஆய்வின் முடிவு.

மூன்றாண்டு மருந்து! இட்லிக் கடைக்காரிக்கு அது எட்டுமா? எட்டுகிறது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. வழக்கு நடந்து, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அந்நாளில் அந்நிறுவனத்தின் மருந்து மாதம் ஒன்றுக்கு இலட்சம் ரூபாய்க்கு மேல். நம் நாட்டு நிறுவனங்கள் செய்ததோ பத்தாயிரத்துக்குள். அம்மா உண்பது நம் நாட்டு மருந்தே.

கண்ணைச் சுற்றி வீங்குகிறது. சில நாள் குமட்டுகிறது. ஆயினும் கடை மீண்டும் திறந்துவிட்டது. ஒருநாள், "இந்த மாத்திரை உள்ளே போய் என்னப்பா செய்கிறது?" என்று கேட்டார்.

"கேஸ் அடுப்பின் திருகு மூட முடியாமல் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள் அம்மா. இது குழாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது."

சற்று யோசித்தார். "அப்படியென்றால் திருகு பழுதாகத்தானே இருக்கிறது?"

என் பேராசிரியர் கேட்க வேண்டிய கேள்வி அது. "ஆமாம் அம்மா. அந்தச் செல் எங்காவது ஒளிந்திருந்தால், அதன் திருகு பழுதுதான். அதனால்தான் மாத்திரை முடிந்த பிறகும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்" என்றேன். இம்முறை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"பார்த்துக்கொண்டால் போயிற்று" என்று மாவைக் கரைக்கத் தொடங்கினார்.

தோழர்களே! நம்மிற் பலர் வீட்டை விட்டுத் தொலைவில் இருந்து படிக்கிறோம். தொலைபேசியில் அம்மா "சோர்வாக இருக்கிறது" என்றால், வேலை மிகுதி என்று தள்ளிவிடாதீர்கள். குருதி குறைந்திருந்தால் மாத்திரையோடு நின்றுவிடாமல், அது எங்கே போகிறது என்று மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலும் எளிய காரணமே இருக்கும். இருந்தாலும் கேளுங்கள். பாடத்தில் படித்த நான் கேட்கத் தவறிய கேள்வி அது.