இல்லைன்னாவது எழுதுங்க

வ. புதுப்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, "அந்த 'வ' என்ன சார்?" என்றுதான். வத்திராயிருப்பின் 'வ' அது. மேற்கே பார்த்தால் மலை. அமாவாசை வந்தால் சதுரகிரிக்குப் போகிற கூட்டத்தில் நம் பஸ்ஸில் நமக்கே இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் ஊர் தென்னந்தோப்பு நிழலில் சும்மா கிடக்கும். இது என் மனைவி பிறந்த ஊர். நான் புதுச்சேரிக்காரன். 2010இல் ஓய்வு பெற்று, மறு வருடம் இங்கே வந்து சேர்ந்தேன்.

என் பள்ளிப் படிப்பு முழுவதும் பிரெஞ்சு வழி. 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினோரு வயது. ஊர் கை மாறினாலும் பிரெஞ்சு வாத்தியார் மாறவில்லை. கடிதம் எழுதுவது எப்படி என்று ஒரு வருடம் முழுக்க அவர் பாடம் நடத்தினார். எங்களுக்கு மனப்பாடமாக வைத்துவிட்ட வார்த்தை ஒன்று உண்டு: 'அக்யூஸே த ரெசெப்ஸியோன்'. உங்கள் கடிதம் கிடைத்தது என்று தெரிவிக்கும் ஒப்புகை. கேட்டதைக் கொடுக்கிறாயோ இல்லையோ, முதலில் கிடைத்தது என்று எழுது, அதுதான் மரியாதை என்பார். அதைப் படித்துவிட்டு முப்பத்தேழு வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே அந்த மரியாதையை எவ்வளவு காப்பாற்றினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

விஷயம் என் மச்சினனிடம் தொடங்குகிறது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், நன்றாக ஆர்மோனியம் வாசிப்பார். அவரும் மூன்று பேரும் சேர்ந்து சின்னதாக ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தபேலாக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர். பாடுகிற பெண் தையல் கடை வைத்திருக்கிறார். வயலின்காரர் ராஜபாளையம், வயது அறுபத்தெட்டு. ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுக்களில் மாதம் இருபது கச்சேரி வாசித்தவர். கல்யாண வீடுகளுக்குக் கீபோர்டும் பென் டிரைவும் வந்த பிறகு வயலினைக் கூப்பிட ஆளில்லை. இப்போது வருகிற நாலு காசு அவருக்கு மாத்திரைச் செலவு.

போன வருடம் ஆடி மாதம் மச்சினன் வந்து உட்கார்ந்தார்.

"அத்தான், முதியோர் இல்லத்துல போய் வாசிக்கலாம்னு ஒரு யோசனை. நமக்கும் வேலை, அவங்களுக்கும் பொழுது போகும். போன் நம்பர் எல்லாம் வாங்கிட்டேன். ஆனா ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்கதான் ஆபீஸ்ல இருந்தவரு, ஒரு லெட்டர் போட்டுக் குடுங்களேன்."

குமாஸ்தாவிடம் கடிதம் கேட்பது, சமையல்காரரிடம் ஒரு வாய் சாதம் கேட்கிற மாதிரி. உற்சாகமாகிவிட்டேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, மதுரை என்று ஏழு இல்லங்களுக்கு ஏழு கடிதம். குழுவின் பெருமை ஒரு பக்கம், பாடும் பாட்டுகளின் பட்டியல் ஒரு பக்கம். ஆவணி பிறந்தது. ஒன்றுக்கும் பதில் இல்லை.

போன் செய்தோம். "மேடம் வெளியே போயிருக்காங்க." "டிரஸ்டி கிட்ட கேட்டுச் சொல்றோம்." "வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார்." அனுப்பினோம். இரண்டு நீலக் குறி விழுந்தது, அவ்வளவுதான். ஒரு இடத்தில் மட்டும், "இலவசமாத்தானே?" என்று கேட்டார்கள். நாலு பேருக்குமாக நாலாயிரம், வண்டி வாடகை தனி என்று மச்சினன் சொன்னார். "சரி, கூப்பிடுறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை.

வயலின்காரருக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. "வேண்டாம்னு சொன்னா வேற இடம் பார்க்கலாம். இது என்னன்னா, தேதியைக் காலியா வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். ஒரு சனிக்கிழமை பெரிய கோவிலுக்கு வெளியே ஒரு நிச்சயதார்த்தம் வந்ததை, ஏதோ ஒரு இல்லம் அந்தத் தேதியைப் 'பார்க்கலாம்' என்று சொன்னதற்காக விட்டுவிட்டாராம். நிச்சயதார்த்தமும் போயிற்று, இல்லமும் கூப்பிடவில்லை.

இந்தப் பக்கத்துக்குச் சங்கீதம் புதிதில்லை. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே கொடுத்து காந்தி கலை மன்றம் ஆக்கியவர். கோவில்பட்டியில் இருந்துகொண்டு உலகம் கேட்க நாகஸ்வரம் வாசித்தார் காருகுறிச்சி அருணாசலம். அப்படிப்பட்ட சீமையில் கிழவர்களுக்குப் பாட்டு வேண்டாம் என்றா இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனேன். ராஜபாளையத்துக்கு வெளியே இருந்த ஓர் இல்லம், பெயர் வேண்டாம்.

மேலாளராக இருந்தது நாற்பது வயதுப் பெண்மணி. என்னை உட்காரச் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் அவரால் உட்கார முடியவில்லை. இல்லத்தில் நாற்பத்திரண்டு பேர். பணியாளர் நாலு பேரில் இருவர் லீவு. ஒரு பாட்டியை இரவு மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். கேஸ் சிலிண்டர் வரவில்லை. முடிவு எடுக்கிற அறங்காவலர் சென்னையில், மாதம் ஒரு முறை வருவார். மேஜையில் மருந்து பில்களுக்கு அடியில் என் கடிதம் இருந்தது, நான் மடித்த மடிப்பு கலையாமல்.

கடைசியில் வந்து உட்கார்ந்தவர் மறைக்காமல் சொன்னார்: "சார், வேணாம்னு சொல்ல மனசு வரல. வாங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. அதான் அப்படியே வச்சிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமான வாக்கியம். நானே பல வருடம் அதற்குள் உட்கார்ந்திருந்தவன்.

1986 என்று நினைவு. நான் இருந்த பிரிவுக்கு, வறுமையில் இருக்கும் கலைஞர்களுக்கான உதவித்தொகை மனுக்கள் வரும். காரைக்கால் பக்கத்து நாகஸ்வர வித்துவான் ஒருவர் மனுப் போட்டிருந்தார். வயதுச் சான்று இல்லை. சான்று இல்லாமல் முடியாது என்று எழுதியிருக்கலாம். ஆனால் வேறு ஏதாவது ஆவணத்தை ஏற்கலாமா என்று மேலே கேட்டிருந்தேன், மேலே இருந்து பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் வந்தது, கோப்பில் சேர்த்தேன். இன்னொன்று வந்தது, அதையும் சேர்த்தேன். மூன்றாவதற்குப் பிறகு அவரே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, விபூதி, கையில் மஞ்சள் பை. கொஞ்ச நேரம் நின்றார். "ஐயா, ஆமான்னு எழுதலைன்னா பரவாயில்ல. இல்லைன்னாவது எழுதுங்க. நான் பாட்டுக்கு என் வழியைப் பார்த்துக்குவேன்" என்றார்.

'மேலே இருக்கிறது' என்றேன். அது உண்மைதான். ஆனால் 'உங்கள் மனு கிடைத்தது, சான்று இல்லாததால் மேலே கேட்டிருக்கிறோம், தாமதமாகும்' என்று நாலு வரி எழுத எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. எழுதவில்லை. மறு வருடம் ஆணை வந்தது. சந்தோஷமாகப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கவர் திரும்பி வந்தது. மேலே தபால்காரர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: விலாசதாரர் காலமானார்.

அந்தக் கவரையும் கோப்பில் சேர்த்தேன். வேறென்ன செய்ய?

ராஜபாளையத்தில் அந்த மேலாளர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நாம்தான் தப்பாகக் கேட்டிருக்கிறோம் என்று பட்டது. 'எப்போது வேண்டுமானாலும் வருகிறோம்' என்று எழுதினால், அது படிக்கிறவருக்கு ஒரு வேலை. தேதி பார்க்க வேண்டும், பணம் கேட்க வேண்டும், மைக் இருக்கிறதா, சத்தம் அதிகமா என்று யோசிக்க வேண்டும். யோசிக்க நேரமில்லாதவர் அதை ஓரத்தில் வைப்பார். ஓரத்தில் வைத்த காகிதம் எங்கே போகும் என்று குமாஸ்தாவுக்குச் சொல்ல வேண்டாம்.

என்னோடு படித்த நண்பன் ஒருவன், 1962இல் அவன் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டதால், பாரிஸ் பக்கத்தில் இருக்கிறான். அங்கே முதியோர் இல்லங்களில் 'அனிமத்தேர்' என்று ஒருவரை வைக்கிறார்கள். பாட்டு, விளையாட்டு, பிறந்தநாள் எல்லாம் ஏற்பாடு செய்வது அவர் வேலை. இங்கிலாந்தில் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் 1977இல் 'லைவ் மியூசிக் நௌ' என்ற அமைப்பைத் தொடங்கிவைத்தார். இளம் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து, முதியோர் இல்லம் போன்ற இடங்களுக்கு வாசிக்க அனுப்புகிறது. நம் நாட்டில் 2007ஆம் வருடத்துச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும் இல்லத்தை அரசு அமைக்கலாம் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் நான் போன இல்லங்களில் பாட்டுக்கென்று ஒரு மேஜையோ ஆளோ இல்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதில் சொல்கிறவரேதான் ஆர்மோனியத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து மச்சினனைக் கூப்பிட்டேன். "மாப்பிள்ளை, லெட்டரைக் கிழிச்சுப் போடுங்க. போய் ஏழு போஸ்ட் கார்டு வாங்கிட்டு வாங்க."

புதுக் கடிதம் பத்தே வரி. எந்தத் தேதி என்று இரண்டு தேதி. காலை பதினோரு மணி, நாற்பத்தைந்தே நிமிடம். குளியல், மாத்திரை முடிந்து சாப்பாட்டுக்கு முந்திய நேரம் அதுதான் என்று அந்த மேலாளர் சொல்லிக்கொடுத்திருந்தார். பெரிய ஸ்பீக்கர் கிடையாது, ஒரே ஒரு பிளக் பாயின்ட் போதும். தொகை இவ்வளவு, வண்டி வாடகை இவ்வளவு. இலவசம் அல்ல என்பதையும் மறைக்காமல் எழுதினேன். கூடவே ஐம்பது காசு அஞ்சலட்டை, என் விலாசம் எழுதியது. அதன் பின்பக்கம் மூன்று வரி, முன்னால் மூன்று கட்டம்: வாருங்கள். இப்போது வேண்டாம், பிறகு கேளுங்கள். வேண்டாம். ஒரு டிக் அடித்துத் தபால் பெட்டியில் போட்டால் போதும், பெயர்கூட எழுத வேண்டாம், எந்த அட்டை எங்கிருந்து என்று மூலையில் நம்பர் போட்டிருந்தேன். எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்றும், வராவிட்டால் அந்தத் தேதிகளை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் பணிவாகக் குறிப்பிட்டேன். இந்தக் கடைசி வரி வயலின்காரருக்காக.

மூன்று வாரத்தில் ஐந்து அட்டை திரும்பி வந்தது. மூன்று 'வேண்டாம்'. ஒன்று 'பிறகு', பக்கத்தில் பேனாவால் 'பொங்கல் கழித்து'. ஒன்று 'வாருங்கள்'. அது எந்த இல்லம் என்று நம்பரைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. அறங்காவலர் மாதாந்திர வருகைக்கு வந்த அன்று அந்த அட்டையை அவர் முன்னால் நீட்டிக் கையோடு டிக் வாங்கிவிட்டாராம் அந்த அம்மாள்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை போனோம். பக்திப் பாட்டாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார் மச்சினன். இரண்டாவது பாட்டு முடிந்ததும் முன் வரிசையில் ஒரு பாட்டி, "பஜனை டிவியில தினமும் வருதுப்பா. சினிமாப் பாட்டு தெரியாதா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எழுபது வயது என்றால் பாகவதர் காலம் என்று நாம் கணக்குப் போடுகிறோம். 'ஹரிதாஸ்' வந்தது 1944. இன்றைக்கு எழுபத்தைந்து வயதுக்காரருக்கு, விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்த 1965இல் வயது பதினைந்து. 'அன்னக்கிளி' வந்த 1976இல் இருபத்தாறு, கல்யாண வயது. அவர்களுடைய பழைய பாட்டு இளையராஜாதான். நானே எழுபத்து நாலு, எனக்கே அன்றுதான் உறைத்தது. டி.எம்.எஸ்., சுசீலா என்று ஆரம்பித்து இளையராஜாவில் நின்றார்கள். மில்லில் வேலை பார்த்த ஒரு பெரியவர் தபேலாக்காரருக்குத் தாளம் சரியில்லை என்று கை காட்டித் திருத்தினார். நாற்பத்தைந்து நிமிடம் ஒன்றேகால் மணி ஆயிற்று. சாப்பாடு தாமதமானதற்குச் சமையல்காரர் எங்களை முறைத்தார். கவரை அந்த அம்மாளே கொண்டுவந்து வயலின்காரர் கையில் கொடுத்தார்.

திரும்பும் வழியில் வயலின்காரர் அந்த ஐந்து அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். 'வேண்டாம்' என்று வந்த மூன்றையும் தனியாக எடுத்துத் தடவினார். "இவங்களும் நல்லவங்கதான் சார். நம்மளை ஒரு ஆளா மதிச்சு எழுதியிருக்காங்க" என்றார்.

பதில் வராத இரண்டுக்கும் இன்னும் ஒரு முறை எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. கோப்பை மூடிவிட்டேன். அவர்கள் மேல் வருத்தம் இல்லை, அந்த மேஜைகளில் என்ன பாரம் இருக்கிறதோ. என் மேஜையில் இருந்ததும் பாரம்தான், நாலு வரி எழுத முடியாத பாரம் அல்ல அது என்பது மட்டும் இத்தனை வருடம் கழித்துத் தெரிகிறது.

இதைப் படிக்கிற உங்கள் மேஜையிலும், இல்லை போனிலும், யாராவது ஒருவருடைய கேள்வி கிடக்கலாம். ஆம் என்று சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை. இல்லை என்றாவது இன்றைக்கே எழுதிவிடுங்கள். அந்தப் பக்கம் ஒருவர் தேதியைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.